கடுகும் சீரகமும்: காவேரிப்பட்டணத்து மொட்டை மாடியில் ஒரு நெபுலா

மார்கழி பிறந்த நான்காம் நாள் இரவு, மொட்டை மாடியில் பனியில் உட்கார்ந்து 96 படங்கள் எடுத்தேன். மறுநாள் காலை அவற்றைக் கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தபோது அம்மா காபி டம்ளரோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். “நட்சத்திரமெல்லாம் கடுகு கடுகாக விழும் என்று சொன்னாயே, இது சீரகமாக அல்லவா இருக்கிறது” என்றார்.

அடுத்த ஆறு வாரம் நான் துரத்தியது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். 96 படங்களிலும் ஒரு விண்மீன்கூட உருண்டையாக இல்லை. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நீண்டிருந்தன. நடுவில், ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள வாயு மேகமான ஓரியன் நெபுலா சாம்பல் நிறத்தில் இழுபட்டுக் கிடந்தது.

இந்தக் குறிப்பு அந்த ஆறு வாரத்தின் கணக்கு. பொருள் ஒன்றே ஒன்று: எம்42 என்று பட்டியலிடப்பட்ட ஓரியன் நெபுலா. கருவியும் ஒன்றே. எதைக் குற்றவாளி என்று நினைத்தேன், உண்மையில் எது குற்றவாளி என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். தொடங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 40, 50 பாகை அட்சரேகையில் வசிப்பவர்கள் எழுதியவை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என் ஊரான காவேரிப்பட்டணம் இருப்பது ஏறத்தாழ 12.4 பாகையில். என் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் விழுந்தவை.

கையில் இருந்தவை

130 மில்லிமீட்டர் ஆடியும் 650 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி, எஃப்/5 (குவியத் தூரம் ஆடியின் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு). அதைத் தாங்க, ஒரே அச்சில் மோட்டார் பூட்டிய சிறிய ஈக்வடோரியல் மவுண்ட், அதாவது வானத்தின் சுழற்சியோடு கூடவே சுற்றும் தாங்கி. மோட்டாருக்கு நான்கு பெரிய டார்ச் செல்கள். கேமரா, உறவினர் திருமணங்களில் உழைத்து ஓய்வுபெற்ற கேனான் 1300டி.

இந்தக் கேமராவின் ஒரு பிக்சல் 4.3 மைக்ரான் அகலம். அதை 206.265 ஆல் பெருக்கி 650 ஆல் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பது கிடைக்கும்: 1.36 விகலை. ஒரு பாகையில் 3600 விகலை. வானமோ விநாடிக்கு 15 விகலை சுழல்கிறது. ஆகவே மோட்டார் இல்லாமல் ஒரு விநாடி படம் எடுத்தாலே விண்மீன் 11 பிக்சல் ஓடியிருக்கும். கருவி வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் தொலைநோக்கிக்குக் கொடுத்த பணத்தையும் மவுண்ட்டுக்குக் கொடுத்த பணத்தையும் இடம் மாற்றிக் கொடுத்திருப்பேன். அல்லது முதல் ஆண்டு முழுக்க 50 மில்லிமீட்டர் லென்ஸையும் சாதாரண முக்காலியையும் வைத்தே பழகியிருப்பேன். அந்த லென்ஸில் ஆறு விநாடி வரை மோட்டாரே தேவையில்லை. தொலைநோக்கியில் அதே சலுகை அரை விநாடிதான்.

ஏன் எம்42? தொடங்குகிறவர்களிடம் இவ்வளவு இரக்கம் காட்டும் நெபுலா வேறு இல்லை. ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்களுக்குக் கீழே வெறும் கண்ணுக்கே தெரியும். ஏறத்தாழ 1,340 ஒளியாண்டு தொலைவில், விண்மீன்கள் பிறக்கும் வாயுத் தொட்டில். வானில் ஒரு பாகைக்கு மேல் விரிந்திருக்கிறது. என் கேமராச் சட்டம் இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு என்பதால் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். நெபுலா ஒன்றின் முதல் புகைப்படமும் இதனுடையதுதான். 1880 செப்டம்பர் 30 அன்று ஹென்றி டிரேப்பர் அமெரிக்காவில் எடுத்தது. அவருக்குத் தட்டு ஒன்றுக்கு ஒரு வாய்ப்புதான். எனக்கு 96 வாய்ப்பு இருந்தும் ஒன்றும் தேறவில்லை.

படம் குவிவதற்கு ஒரு லேத்துப் பட்டறை

சீரகத்துக்கு முன்னால் ஒரு சிறு கதை உண்டு. கேமராவைக் கண்வில்லைக் குழாயில் மாட்டிய முதல் நாள் எதுவும் குவியவே இல்லை. குவியம் திருகும் குழாயை முழுக்க உள்ளே தள்ளியும், விண்மீன்கள் வெண்கல வளையல் போல் அகன்றே நின்றன. கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

காரணம் எளிது. கண்வில்லைக்காகவே வடிவமைத்த இப்படிப்பட்ட குழாய்களில், ஒளி குவியும் இடம் குழாயை விட்டு அதிகம் வெளியே வராது. கேமராவின் உணரியோ இணைப்பு வளையத்தின் முகப்பிலிருந்து 55 மில்லிமீட்டர் உள்ளே ஒளிந்திருக்கிறது. குவிந்த ஒளி உணரியை எட்டுவதற்கு முன்பே காற்றில் முடிந்துவிடுகிறது. நடுவில் ஒரு பார்லோ வில்லையைச் செருகினால் எட்டும். ஆனால் குவியத் தூரம் இரண்டு மடங்காகும். ஒரு பிக்சலுக்கு வரும் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மவுண்ட்டின் பிழைகளும் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். தொடங்குகிறவன் தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளும் வழி அது.

இன்னொரு வழி, அடியில் உள்ள முதன்மை ஆடியையே மேலே தூக்குவது. ஆடியைத் தாங்கும் மூன்று போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். அதே மரையில் 30 மில்லிமீட்டர் நீளம் கூடுதலாக மூன்று வேண்டும் என்றேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார். வண்டி இல்லை, வானம் பார்க்க என்றதும் கூலி வாங்க மறுத்து, முடிந்ததும் நிலாவைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். போல்ட் மாற்றியதும் ஆடி மேலே ஏறியது, படம் குவிந்தது. ஆடிகளை மறுபடி நேர்ப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

கூர்மையைக் கண்ணால் தீர்மானிக்கலாம் என்று நம்பாதீர்கள். பாட்டினோவ் முகமூடி என்று ஒன்று உண்டு. மூன்று திசைகளில் கீற்றுகள் வெட்டிய அட்டை, அவ்வளவுதான். குழாயின் வாயில் அதை வைத்துப் பிரகாசமான ஒரு மீனைப் பார்த்தால் மூன்று ஒளிக்கோடுகள் தெரியும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவில் நின்றால் குவியம் சரி. என்னுடையது பழைய நோட்டு அட்டையில் பிளேடால் வெட்டியது. நன்றாகவே வேலை செய்கிறது.

சந்தேகத்துக்கு உரியவர்கள்

படம் குவிந்த பிறகுதான் மார்கழி நான்காம் நாளும் அந்த 96 சீரகப் படங்களும் வந்தன.

முதலில் பிடித்தது காற்றை. போர்வைகளைக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினேன். மாற்றமில்லை. அடுத்து மோட்டார். செல்களைப் புதிதாக மாற்றினேன், பல்சக்கரத்தைத் திறந்து பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்தேன். மாற்றமில்லை. பிறகு மாடியின் அதிர்வு. தெருவில் லாரி போகும்போதும் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடும்போதும் எடுத்த படங்களைத் தனியே பிரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே சீரகம், அதே நீளம்.

அந்த ‘அதே நீளம்’தான் என்னை நிறுத்தியது. பகலில் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவன். வரவு செலவு ஒவ்வொரு நாளும் வெவ்வேறு தொகையில் இடித்தால் அது கவனக்குறைவு. ஒவ்வொரு நாளும் ஒரே தொகையில் இடித்தால் எங்கோ ஒரு பத்தியில் ஒரு தவறு நிலையாக உட்கார்ந்திருக்கிறது. காற்றும் லாரியும் ஒரே அளவில் 96 முறை தள்ளாது.

மோட்டாரை அணைத்து எடுத்த ஒரு படம்

விடை கொடுத்தது மிக மலிவான ஒரு சோதனை. 30 விநாடிப் படம் ஒன்றைத் தொடங்கி, 25ஆவது விநாடியில் மோட்டாரை அணைத்தேன். கடைசி ஐந்து விநாடியில் வானம் தன் போக்கில் ஓடி, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வால் வரைந்தது. அந்த வால் கிழக்கு மேற்குக் கோடு. இனி சீரகத்தின் திசையை அந்த வாலோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் ஒரே திசை என்றால் தவறு மோட்டாரில், பல்சக்கரத்தில் அல்லது எடைச் சமநிலையில். ஒன்றுக்கொன்று குறுக்கே நின்றால் மோட்டார் நிரபராதி. மவுண்ட்டின் அச்சு வான துருவத்தை, அதாவது வானம் சுழல்வதுபோல் தோன்றும் மையப் புள்ளியை, நோக்கவில்லை.

என் படத்தில் ஒவ்வொரு மீனும் ‘ட’ எழுத்து போல் மடங்கியிருந்தது. குறுக்கே.

ஈக்வடோரியல் மவுண்ட்டின் முதன்மை அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அப்போதுதான் ஒற்றை மோட்டார் வானத்தின் சுழற்சியை ஈடுகட்டும். அச்சு ஒரு பாகை விலகினால், மீன் அதிகபட்சமாக விநாடிக்குக் கால் விகலைக்குச் சற்று மேல் வடக்கிலோ தெற்கிலோ நழுவும். 30 விநாடிக்கு எட்டு விகலை. என் கேமராவில் ஆறு பிக்சல். என் சீரகங்கள் ஆறு பிக்சல் அல்ல, நாற்பதுக்கும் மேல். ஆகவே அச்சு ஒரு பாகை இரண்டு பாகை அல்ல, ஏழெட்டுப் பாகை கோணியிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தவறு எப்படிக் கண்ணில் படாமல் போனது?

ஒரு தவறு என் கண்ணெதிரிலேயே இருந்தது, நானே செய்து நானே மன்னித்தது. துருவத்தின் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம், அச்சு 12.4 பாகை நிமிர்ந்தால் போதும். அவ்வளவு தாழ்த்தினால் எதிரெடைத் தண்டு கிட்டத்தட்ட நேர் கீழாகத் தொங்கி, வடக்குப் பக்கம் நீட்டிய முக்காலிக் காலில் இடித்தது. 40 பாகையில் வசிப்பவருக்கு இந்தத் தொல்லையே வராது. அவருடைய தண்டு காலைவிட்டு வெளியே சாய்ந்து சுற்றும். நான் என்ன செய்தேன் என்றால், இடிக்காத வரை அச்சைத் தூக்கி 20 பாகையில் நிறுத்தி, “எட்டு பாகைதானே, மோட்டார் பார்த்துக்கொள்ளும்” என்று விட்டுவிட்டேன். கிழக்கில் ஏறிவரும் மீனுக்கு அந்தப் பிழை விநாடிக்கு இரண்டு விகலை வரை. மோட்டாரால் அதைப் பார்த்துக்கொள்ள முடியாது, ஏனெனில் மோட்டார் இருக்கும் அச்சே வேறு.

தீர்வு, முக்காலியைத் திருப்பி வைப்பது. ஒரு கால் தெற்கே, இரண்டு கால்கள் வடக்கே. தண்டு அந்த இரண்டுக்கும் நடுவே தாராளமாகச் சுற்றுகிறது. தாழ்ந்த அச்சில் கருவியின் எடை வடக்கே சாய்வதால் அந்தப் பக்கம் இரண்டு கால் இருப்பது இன்னும் உறுதி. இடவலமாக நுட்பமாகத் திருப்பும் திருகுகள் அழுத்த ஒரு முளை வேண்டும். அது பழைய காலுக்கு மேலேயே இருந்தது. மறுபடி லேத்துப் பட்டறை, எதிர்ப்புறம் ஒரு துளை, முளை இடம் மாறியது. இந்த முறையும் கூலி நிலாதான்.

தூக்குக் குண்டின் நிழல்

உயரத்தைச் சரிசெய்ததும் சீரகம் பாதியானது. கடுகாகவில்லை. மிச்சம் திசையில் இருக்க வேண்டும்.

வடக்கை நான் காந்த ஊசியை வைத்துப் பிடித்திருந்தேன். துருவ மீனைப் பார்த்தே பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். 12 பாகை உயரம் என்றால் தொடுவானத்தின் புழுதியும் புகையும் அடர்ந்த பகுதி. போதாததற்கு எங்கள் வடக்கில் ஒரு தென்னையும் ஒரு கைப்பேசிக் கோபுரமும் உண்டு. அதனால் ஊசி. ஊசியை வைத்தது எங்கே? மேல்மாடி கட்டுவதற்காகத் தூண்களின் உச்சியில் விட்டுவைத்த கம்பிகளுக்கு இரண்டடி பக்கத்தில். பதினோரு ஆண்டாகத் துருப்பிடித்து நிற்கும் இரும்புக் கற்றை. ஊசியை எடுத்துக்கொண்டு மாடியில் நடந்து பார்த்தேன். நான்கு மூலைக்கும் நான்கு வடக்கு.

பொங்கல் விடுமுறையில் கொத்தனாரிடம் தூக்குக் குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கினேன். சூரியன் நம் நடுவானக் கோட்டைக் கடக்கும் கணத்தில், தொங்கும் நூலின் நிழல் சரியாக வடக்கு தெற்காக விழும். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது; நாம் அதற்கு மேற்கே இருப்பதால் 17 நிமிடம் தாமதம். ஜனவரி நடுவில் சூரியக் கடிகாரம் இன்னும் ஒன்பது நிமிடம் பின்தங்கும். ஆகவே பொங்கலன்று காவேரிப்பட்டணத்தில் உண்மையான உச்சிவேளை 12 மணி 26 நிமிடம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளும் இதையே காட்டியது. நேரத்தில் ஒரு நிமிடம் தவறினால் ஏறத்தாழ அரைப் பாகை பிசகும் என்பதால் கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்தபடி மனைவி எண்ண, நான் நிழல் மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடிழுத்தேன். ஊசி காட்டிய வடக்குக்கும் நிழல் காட்டிய வடக்குக்கும் ஆறு பாகை வித்தியாசம்.

கோடு கைப்பிடிச் சுவருக்கு இணையாக இல்லை என்பதை அம்மா உடனே கவனித்துவிட்டார். “அப்படியானால் நம் வாசல் கிழக்குப் பார்த்த வாசல் இல்லையா?” இந்த ஆய்வின் விடை தெரியாத கேள்விகளில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அமாவாசையும் மாந்தோப்பும்

நிழல் கோட்டில் முக்காலியை நிறுத்திய முதல் இரவே 30 விநாடிப் படங்களில் கடுகு விழத் தொடங்கியது. ஆனால் வானம் ஆரஞ்சு நிறத்தில் வெளுத்திருந்தது. தெருவிளக்கு, பேருந்து நிலையம், நெடுஞ்சாலை. ஊர் வெளிச்சத்திலிருந்து தப்பிக்க எங்கே போவது?

வரைபடத்தைப் பார்த்தால் இருட்டுக்குப் பஞ்சமில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மலைக்காடு. ஆனால் குளிர்காலத்தில் ராகி முற்றும்போது யானைகள் ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் கூட்டமாக இறங்கும். நெபுலாவுக்காக யானை வழியில் முக்காலி போட எனக்குத் துணிவில்லை. பாரூர் பக்கம் மைத்துனருக்கு மாந்தோப்பு உண்டு. “வாருங்கள் மாமா, காவலுக்குப் பெரியவர் இருக்கிறார், கட்டிலும் இருக்கிறது” என்றார்.

நாள் குறிக்க வீட்டுச் சமையலறையில் தொங்கும் நாள்காட்டியே போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள். ஒரு வேடிக்கை: மார்கழித் திருவாதிரையன்று ஓரியனைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், அன்று படம் எடுப்பது வீண். திருவாதிரை மீன் ஓரியனின் தோள். முழுநிலா அந்த மீனை ஒட்டி நிற்பதால்தான் அது திருவிழா. நெபுலாவின் தலைமாட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்ததுபோல் இருக்கும். அம்மாவின் கணக்கு வேறு. அமாவாசை இருட்டில் தோப்புக்குப் போவதா என்று வாசல்வரை வந்து எலுமிச்சம்பழம் கொடுத்தார். வாங்கிக் கேமராப் பையில் வைத்துக்கொண்டேன்.

தோப்பில் துருவ மீனுக்கு வாய்ப்பே இல்லை. ஆறு மீட்டர் உயர மாமரம் 27 மீட்டர் தள்ளி நின்றாலே 12 பாகை உயரத்தை மறைத்துவிடும். மைத்துனருடையது பெங்களூரா மாமரங்கள்; வடமேற்கில் மரங்களுக்கு மேலே தெரியும் மங்கலான ஒளித்திட்டோ பெங்களூரு நகரம். ஆண்ட்ரோமீடா மண்டலம் இங்கே மறையும் திசையும் ஏறத்தாழ அதே திசைதான். அதைக் குளிர்கால முன்னிரவில், மேலே இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். தாழவிட்டால் 25 லட்சம் ஒளியாண்டு பயணம் செய்து வந்த ஒளி கடைசி நூறு கிலோமீட்டரில் கெட்டுவிடும்.

துருவத்தைப் பார்க்காமலே அச்சை நேராக்கும் பழைய முறைக்கு நழுவல் முறை என்று பெயர் வைத்துக்கொள்வோம். தெற்கு வடக்காக உச்சியைக் கடக்கும் நடுவானக் கோட்டருகே, பூமியின் நடுவரைக்கு நேர் மேலே ஓடும் வான நடுவரைக்கும் அருகே உள்ள ஒரு மீனைப் பிடிக்க வேண்டும். ஓரியன் இடுப்பின் மிண்டகா கிட்டத்தட்ட நடுவரை மேலேயே இருக்கிறது, இதற்கென்றே வைத்ததுபோல். மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் கவனித்தால், மீன் தெற்கே நழுவினால் அச்சின் வட முனை கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. திருகைத் திருப்பி, மறுபடி பார்த்து, நழுவல் நிற்கும்வரை. பிறகு கிழக்கில் ஏறிவரும் ஒரு மீன். எனக்கு மகம், அதாவது ரெகுலஸ், வசதியாக இருந்தது. அது வடக்கே நழுவினால் அச்சு அதிகம் நிமிர்ந்திருக்கிறது, தெற்கே நழுவினால் தாழ்ந்திருக்கிறது. முதல் இரவு இதற்கே இரண்டு மணி நேரம் பிடித்தது. மூன்றாம் இரவு முப்பத்தைந்து நிமிடம். முடிவில் ஐந்து நிமிடத்துக்குப் பத்து விகலைக்குள் கொண்டுவந்தேன். 30 விநாடிக்கு அது ஒரு பிக்சல்கூட இல்லை.

தோப்புக் காவலர் போர்வையைப் போர்த்தியபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் படம் பிடிக்கிறேன் என்று கேட்டார். ஓரியன், நெபுலா என்று தொடங்கினேன். “அந்த மூன்று மீனுக்குக் கீழே புகை மாதிரி ஒன்று இருக்குமே, அதுவா சாமி?” என்றார். அதுவேதான். தொலைநோக்கி வாங்குவதற்கு முன் நாற்பத்திரண்டு வருடம் அந்தப் புகையை நான் பார்த்ததே இல்லை.

பின்னிரவு மூன்று மணிக்குப் படங்கள் திடீரென மங்கின. மேகம் இல்லை. குழாயின் மேல்முனையில் உள்ள சின்ன ஆடியில் பனி படிந்துவிட்டது. கறுப்புச் சார்ட் அட்டையைக் குழாய் வாயில் ஒரு முழம் நீளத்துக்குச் சுருட்டிக் கட்டியது மறுநாள் இரவைக் காப்பாற்றியது. ஆடியைத் துணியால் துடைக்கக் கூடாது, கீறிவிடும். பூ விட்ட தோப்பில் மருந்து தெளிக்கும் பருவம் என்பதால், விடிவதற்குள் மூடி போட்டுக் கருவியை வண்டியில் ஏற்றிவிட வேண்டியிருந்தது.

மூன்று இரவுகளில் 402 படங்கள், ஒவ்வொன்றும் 30 விநாடி, ஐஎஸ்ஓ 800, ரா கோப்பு. இவற்றிலும் சிலவற்றில் சீரகம் இருந்தது. இந்த முறை கிழக்கு மேற்காக. அதுவும் ஒரு தாளத்தில் வந்தது. பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை, அதாவது 22 படங்களில் எட்டு ஒன்பது நீளும், மற்றவை உருண்டை. மவுண்ட்டின் திருகுப்பல் ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நேரம் அது. திருகில் எங்கோ ஒரு மேடு. கிழக்குப் பக்கத்தைச் சற்றே கனமாக விட்டால் பற்கள் ஒட்டியே நகரும் என்பதைச் செய்தேன், கொஞ்சம் குறைந்தது. முழுக்கப் போக்க இன்னொரு சின்னக் கேமராவால் ஒரு மீனைத் தொடர்ந்து கவனித்துத் திருத்தும் ஏற்பாடு வேண்டும். அதற்கு இன்னும் செலவு செய்ய மனமில்லை. நீண்டவற்றைக் கழித்தேன். மிஞ்சியது 236, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்து ஒளி.

236 படங்கள் ஒன்றானது

அடுக்குதல் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே பொருளின் பல படங்களை மீன்களைப் பொருத்தி ஒன்றன்மேல் ஒன்றாகச் சராசரி எடுத்தால், நெபுலாவின் ஒளி எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருப்பதால் நிலைக்கும்; மணல் போன்ற இரைச்சல் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் கரையும். தூய்மை கூடுவது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின்படி. நான்கு மடங்கு படம் எடுத்தால் இரண்டு மடங்கு தெளிவு. என் 236க்கு ஏறத்தாழ 15 மடங்கு. சிரில் என்ற இலவச மென்பொருளில் செய்தேன்.

கூடவே குழாயை மூடிக்கொண்டு, அதே குளிரில், அதே 30 விநாடியில் எடுத்த முப்பது இருட்டுப் படங்கள், கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க. தூசியின் நிழலைக் கழிக்கும் சமதளப் படங்களுக்கு விடியல் வானத்தை நோக்கி, குழாய் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாகக் கட்டி முப்பது. முதல் முறை வேட்டியைச் சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டேன். உணரியில் இருந்த தூசிகள் எல்லாம் நெபுலாவைச் சுற்றிச் சாம்பல் வடைகளாகத் தெரிந்தன. மறுமுறை வேட்டி போட்டதும் வடைகள் மறைந்தன.

நெபுலாவின் நடு, டிரபீசியம் என்ற நான்கு இளம் மீன்கள் இருக்கும் இடம், 30 விநாடியில் வெள்ளையாக வெந்துபோகிறது. அதற்கெனத் தனியாக ஐந்து விநாடிப் படங்கள் நாற்பது எடுத்து நடுவில் மட்டும் சேர்த்தேன். நிறம், நீங்கள் வேறு இடங்களில் பார்க்கும் இரத்தச் சிவப்பு அல்ல; வெளிர் ரோஜாவும் ஊதாவும். ஹைட்ரஜன் ஒளிர்வது 656 நானோமீட்டர் சிவப்பில். திருமணக் கேமராவின் உள்ளே இருக்கும் வடிகட்டி, முகங்கள் சிவந்துவிடாமல் இருக்க, அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மென்பொருளில் சிவப்பை ஏற்றியிருக்கலாம். கோவில் திருவிழாப் பந்தல் நிறத்தில் நெபுலாக்களைச் சாயம் பூசுவது எனக்கு ஒவ்வாது.

மூலைகளில் மீன்கள் இன்னும் சிறு வால்நட்சத்திரங்களாக இருக்கின்றன. எஃப்/5 நியூட்டன் குழாயின் பிறவிக் குணம் அது, திருத்தும் வில்லை தனியாக விற்கிறது. அம்மாவிடம் காட்டினேன். நடுவில் கடுகு, ஓரத்தில் கொஞ்சம் வெந்தயம் என்றார். லேத்துப் பட்டறைக்காரருக்கு ஒரு படி அச்செடுத்துக் கொடுத்தேன். நிலா எங்கே என்று கேட்டார்.

தாழ்ந்த துருவத்தைப் பற்றி இவ்வளவு குறைபட்ட பிறகு அதன் வரவையும் எழுதாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. வடக்கில் துருவம் தாழத் தாழ, தெற்கு அதே அளவு திறக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட இதே அட்சரேகையில், ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து இயங்குகிறது. தென் வானத்தின் பெரும்பகுதி அங்கிருந்து எட்டும். ஒமேகா செண்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து 50 பாகை வடக்கில் இருப்பவருக்கு உதிப்பதே இல்லை. நம் மாடியில் வைகாசித் தொடக்கத்தில் இரவு பத்து மணி சுமாருக்குத் தெற்கே 30 பாகை உயரத்தில் நிற்கும். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு கோடி விண்மீன்கள். அத்தனையும் கடுகாக விழ வேண்டும்.

மாடியில் சுண்ணாம்புக் கோட்டை அழியாத சிவப்புப் பெயின்ட்டில் போட்டு, முக்காலியின் மூன்று கால்களுக்கும் மூன்று வட்டம் வரைந்திருக்கிறேன். சிக்கல், பதினோரு ஆண்டு காத்திருந்த அந்தக் கம்பிகளுக்கு இந்தச் சித்திரையில் நாள் குறித்துவிட்டார்கள். மேல்மாடி எழும்பினால் முதலில் மறைவது தெற்குதான். வைகாசி அமாவாசை கழியும்வரை பொறுக்கும்படி கொத்தனாரிடம் கேட்டேன். காரணம் கேட்டார். தெற்கே ஒரு மீன் கொத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றேன். சற்று நேரம் என்னையும் கோட்டையும் பார்த்துவிட்டு, முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது, தூக்குக் குண்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்றார்.